கதிர் படாத குடுவை

சுத்தம் என்பது அவருடைய பெற்றோர் வைத்த பெயர் அல்ல. பெற்றோர் வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும் வெளிச்சத்துக்கு வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விடும். மற்ற நாள்களில் ஆராய்ச்சிக்கூடத்தின் வாசல் காவலாளி முதல் பேராசிரியர் வரை எல்லோருக்கும் அவர் சுத்தம்தான். செல் வளர்க்கும் அறைக்கு அவர் பொறுப்பு. கையில் எந்நேரமும் ஸ்பிரிட் நிரப்பிய தெளிப்பு பாட்டில். வருகிறவர் துறைத்தலைவராக இருந்தாலும் ஏசி ரிப்பேருக்கு வந்தவராக இருந்தாலும் முதலில் இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும், இவர் அடிப்பார், அவர்கள் தேய்த்துக்கொள்ள வேண்டும், அதன் பிறகுதான் குசலம் விசாரிப்பெல்லாம். வீட்டிலும் இதே சட்டம் அமலில் இருந்தது. கல்யாணமான புதிதில் விருந்துக்கு வந்த மைத்துனர் தட்டில் கை வைக்கப்போன சமயம் இவர் குறுக்கே புகுந்து அடித்த அடியில், சாப்பாடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை. அந்த உறவு சீராக வெகுகாலம் பிடித்தது.

இப்பேர்ப்பட்ட மனிதர் தம் உத்தியோக வாழ்வில் செய்த ஒரே ஓர் அசுத்தமான காரியத்தைப் பற்றியது இந்த வரலாறு. அதையும் அவர் வடிகட்டித்தான் செய்தார்.

அவர் அறையில் வளர்ந்தவை எலிக் கருவிலிருந்து எடுத்த செல்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பசிக்கும். உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் குடுவைகளில், உடம்புச்சூடு உள்ள ஒரு பெட்டிக்குள், மீடியம் என்ற இளஞ்சிவப்புத் திரவத்தில் முங்கிக் கிடக்கும். தின்று கழிக்கக் கழிக்கத் திரவம் மஞ்சளாகும். தினமும் பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, தலைவலி, உறவினர் வீட்டு விசேஷம் எதுவும் செல்களுக்குத் தெரியாது. சுத்தம் அவற்றைப் பிள்ளைகள் என்றே சொல்வார். சொந்தப் பிள்ளை இல்லாத குறையா என்றால் அதுவும் இல்லை. வெளியூரில் வேலை பார்த்த மகன் மாதத்துக்கு ஒருமுறை போன் செய்தான். இவை தினமும் நிறம் மாறியாவது பதில் சொல்லின.

இந்தக் குடுவைகளில் நான்கு ஓர் ஆராய்ச்சி மாணவிக்குச் சொந்தம். மெல்லிய குரல், தடித்த மூக்குக்கண்ணாடி, பூட்டிய கதவை மறுபடி வந்து இழுத்துப் பார்க்கும் குணம். அவள் கேள்வி இதுதான். ஒரு செல் மீது கதிர்வீச்சு அடிக்கிறோம். அது பிழைத்துக்கொள்கிறது. தின்கிறது, இரண்டாகப் பிரிகிறது, அதன் பிள்ளைகளும் பிரிகின்றன, எல்லாம் சௌக்கியம். ஆனால் பல தலைமுறை கழித்து, கதிரைக் கண்ணாலும் கண்டிராத வாரிசுகளின் குரோமோசோம்கள் திடீரென்று உடைய ஆரம்பிக்கின்றன. அடி வாங்கியது பாட்டன், எலும்பு முறிவு கொள்ளுப்பேரனுக்கு. இடையில் சேதியைச் சுமந்துகொண்டு போவது யார்?

அவளுடைய சந்தேகம் சில என்சைம்கள் மேல். மரபணு இழையில் அங்கங்கே மீத்தைல் என்னும் சின்னஞ்சிறு குறிகளை ஒட்டுவது அவற்றின் உத்தியோகம். செல் பிரியும்போது பழைய இழையில் உள்ள குறிகளைப் பார்த்துப் புது இழையிலும் அப்படியே ஒட்டுவதற்கென்றே ஒன்று இருக்கிறது. சுத்தம் இதைத் தம் மனைவியின் ஜெராக்ஸ் கடையை வைத்துப் புரிந்துகொண்டார்.

"அதாவது மெஷின் கண்ணாடியில மை ஒட்டியிருந்தா எல்லா காப்பியிலயும் ஒரு புள்ளி விழும். அந்தக் காப்பியக் கொண்டுபோய் இன்னொரு கடையில காப்பி எடுத்தா அதுலயும் புள்ளி. அப்படித்தானேம்மா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் அண்ணா. நான் என்ன பண்றேன்னா, மெஷினையே கழட்டிப் பாக்கறேன். ரெண்டு குடுவையில சாதாரண செல். மத்த ரெண்டுல அந்த என்சைம் இல்லாத செல். ஒவ்வொண்ணுலயும் ஒரு குடுவைக்குக் கதிர் உண்டு, ஒரு குடுவைக்குக் கிடையாது."

"மெஷினே இல்லாம கடை ஓடுமா?"

"இந்தக் கருச் செல்லு மட்டும் எப்படியோ சமாளிச்சு ஓட்டிடும் அண்ணா. அண்ணியக் கேட்டுப் பாருங்க, கரண்ட் இல்லாத நாள்ல எப்படி ஓட்டறாங்கன்னு."

அவள் அவரை அண்ணா என்பாள். ஆகவே ஜெராக்ஸ் கடைக்காரம்மா அண்ணி. அவளுடைய தகப்பனுக்கு இவரைவிட வயது குறைவாக இருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் ஆராய்ச்சிக்கூடத்துக் கணக்கு வேறு.

கதிர் அடிக்கும் இயந்திரம் கீழ்த்தளத்தில், ஈயக் கதவுக்குப் பின்னால் இருந்தது. அதை இயக்குகிறவரைக் கதிர்க்காரர் என்பார்கள். வாங்கிய கதிரை அளக்கும் பேட்ஜ் ஒன்று அவர் சட்டையில் எப்போதும் தொங்கும். தூங்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை என்பது சுத்தம் பரப்பிய வதந்தி. இருவரும் தினமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் டிபன் பாக்ஸை மற்றவர் காலி செய்கிறவர்கள்.

கதிர் அடித்த வார இறுதி. "அடி வாங்கின ரெண்டையும் நானே வந்து பாத்துக்கறேன் அண்ணா. கதிர் படாத ரெண்டும் உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டு மாணவி போனாள். சுத்தம் தலையை ஆட்டினார். ஆட்டிய தலை நேராகப் போய் மைத்துனர் வீட்டு மொட்டை மாடியில் நின்றது. புது வீட்டுக்குக் குடிவந்த மைத்துனர் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து காட்டி, "மாப்ள, இதுல ஒரு கை வைங்களேன், உங்கள மாதிரி யாருக்கு வரும்" என்றார். இந்த ஒரு வரிக்கு மயங்காத அளவுக்குச் சுத்தம் இன்னும் பக்குவப்படவில்லை. இரண்டு நாள் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்தார். கடைசியில் அதில் தண்ணீர் விடவே மைத்துனருக்குக் கூச்சமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை பெட்டியைத் திறந்தார். அவர் பொறுப்பு என்று மாணவி எட்டிப் பார்க்காத கீழ்த்தட்டில், கதிர் படாத குடுவைகள் இரண்டும் காமாலை கண்டவை போல் மஞ்சளித்துக் கிடந்தன. புது மீடியம் பாட்டிலின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. இன்னொரு பாட்டில் தயாரிக்க வேண்டிய சீரம் உறைபெட்டியில் கருங்கல்லாக உட்கார்ந்திருந்தது. மாணவியோ வருகிற நேரம்.

அப்போது அவர் சொல்லியிருக்க வேண்டியது, "அம்மா, வரலம்மா, மறந்துட்டேன்" என்ற மூன்றே சொற்கள். அவள் முகம் சுருங்கியிருக்கும். உறையவைத்த செல்லை எடுத்து மறுபடி ஆரம்பித்திருப்பாள். சில வாரங்கள் போயிருக்கும். அவ்வளவுதான்.

ஆனால் இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு குடுவை வாடினால், நன்றாக வளரும் குடுவையிலிருந்து கொஞ்சம் மீடியத்தை எடுத்து வடிகட்டி இதற்கு ஊற்றுவார்கள். பக்கத்து வீட்டில் காபித்தூள் கடன் வாங்குவது போலத்தான். வாடியது தலைதூக்கும். சுத்தம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். செழிப்பாக, சிவப்பாக இருந்தது, மாணவி ஞாயிறும் வந்து கவனித்திருந்த, கதிர் பட்ட சாதாரணக் குடுவை. கையில் ஒருமுறை ஸ்பிரிட் அடித்துக்கொண்டார். மனம் கேட்காமல் இன்னொரு முறை அடித்துக்கொண்டார். கிருமி எதுவும் நுழைய முடியாத வடிகட்டி வழியாக அந்த மீடியத்தைச் செலுத்தி, கதிர் படாத இரண்டிலும் பாரபட்சமில்லாமல் ஊற்றினார். கடன் கொடுத்த குடுவைக்கு மிச்சமிருந்த புதியதை ஊற்றி நிரப்பினார். நான்கும் ஒரே சிவப்பு.

"எல்லாம் நல்லா இருக்காங்களா அண்ணா?" என்று கேட்டுக்கொண்டே கைகளை நீட்டினாள் மாணவி.

"பிள்ளைங்க ஜம்முனு இருக்காங்க" என்று அவள் கையில் ஸ்பிரிட் அடித்தார் சுத்தம்.

வாரங்கள் போயின. செல்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருகின. கதிர் பட்ட சாதாரணச் செல்லின் வாரிசுகள் எதிர்பார்த்தபடியே உடைந்தன. என்சைம் இல்லாத செல்லின் வாரிசுகள், கதிர் பட்ட குடுவையிலும் சரி, படாத குடுவையிலும் சரி, அமைதியாக இருந்தன. மாணவி சந்தோஷத்தில் ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. அவள் கொண்டாடும் முறை அது. பிறகு கதிர் படாத சாதாரணச் செல்லை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த சாதுக் குடுவை அது. அதன் குரோமோசோம்களும் உடைந்து, ஒட்டி, கோணிக்கொண்டு கிடந்தன.

பேராசிரியர் பார்த்தார். "கதிர் பட்டதும் உடையுது, படாததும் உடையுதுன்னா அப்புறம் கதிர் எதுக்கும்மா? உன் கை எதுக்கு?" என்றார். கோபத்தில் அவருக்கு எதுகை மோனை வந்துவிடும்.

முதல் பழி கதிர்க்காரர் மேல் விழுந்தது. இயந்திரத்திலிருந்து கசிந்து பக்கத்தில் இருந்த குடுவைக்கும் கதிர் பட்டிருக்க வேண்டும் என்றார்கள். அளக்க ஆட்கள் வந்தார்கள். ஈயக் கதவைத் தட்டிப் பார்த்தார்கள். கதிர்க்காரர் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறக்காமலே வைத்திருந்தார்.

"என் மெஷின் கசியுதாம். என் பொண்டாட்டியச் சொல்லட்டும், பொறுத்துப்பேன். மெஷினச் சொல்லலாமா?"

"கசியாதுப்பா" என்றார் சுத்தம், நிலத்தைப் பார்த்து.

"உனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியலியே."

அன்று சுத்தத்துக்குச் சோறு இறங்கவில்லை. கதிர்க்காரர் இரண்டு பாக்ஸையும் துக்கத்தோடு காலி செய்தார்.

இயந்திரம் குற்றமற்றது என்று ஆனதும் பழி இறங்கி வந்து மாணவியின் தலையில் உட்கார்ந்தது. குடுவை மாற்றி எடுத்திருப்பாள், பெயர் மாற்றி ஒட்டியிருப்பாள் என்றார்கள். அவளும் அதையே நம்பத் தொடங்கினாள். அந்த வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு கூடி அவள் வேலையைத் தொடர விடுவதா, நிறுத்துவதா என்று முடிவு செய்யப்போகிறது. அறைக்குள் வந்து கைகளை நீட்டினாள். ஸ்பிரிட் காய்ந்த பிறகும் கைகளை மடக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு படிச்சேன். கதிர் பட்ட செல்லு மூழ்கிக் கிடந்த மீடியத்தை, கதிர் படாததுல ஊத்தினாலே போதுமாம். அடி வாங்காமலே அதுவும் கெட்டுப்போகுமாம். எப்படின்னு இன்னும் முழுசா யாருக்கும் தெரியல."

சுத்தத்தின் கையில் இருந்த பாட்டில் தானாகவே ஒருமுறை பீச்சியது. அது சுவரில் பட்டது.

"ஆனா நம்ம ரூம்ல அப்படி யாரு அண்ணா ஊத்துவா? அதுவும் நீங்க இருக்கும்போது?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் இப்படி நம்பித் தொலைத்தாள்.

அன்றிலிருந்து சுத்தத்தின் சுத்தம் எல்லை கடந்தது. கழுவிய குடுவையைக் கழுவினார். துடைத்த மேசையைத் துடைத்தார். மாணவியின் நாற்காலிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். அவள் கேட்காமலே அவள் குடையை ரிப்பேர் செய்துகொண்டு வந்தார். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் வேறு ஏதோ வந்தது. "ஓய்வு பெற இன்னும் கொஞ்ச வருஷம்தான்" என்றது மனசு. "சொன்னா வேலை போகும்" என்றது வயிறு. இரண்டும் சேர்ந்து தீர்மானம் போட்டதில், அவர் மறுபடியும் குடையை எடுத்துத் துடைத்தார்.

வியாழன் சாயங்காலம் மாணவி ஜெராக்ஸ் கடைக்கு வந்தாள். குழுவுக்குக் கொடுக்க வேண்டிய பக்கங்கள் அவள் கையில். வேலை முடிந்து வந்த சுத்தம், கடை ஸ்டூலில் உட்கார்ந்து காகிதக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணி நகல் எடுக்க எடுக்க, எல்லாப் பக்கத்திலும் இடது மூலையில் ஒரு கரும்புள்ளி.

"அட, கண்ணாடியில மை. இரும்மா, துடைச்சுட்டு மறுபடி எடுக்கறேன்."

"பரவாயில்ல அண்ணி. இதுல என்ன இருக்கு. நாளையோட முடிஞ்சிடும்."

"என்னது முடியும்?"

"இந்த வேலைக்கு என் கை சரியில்ல அண்ணி. ஊருக்குப் போய் வேற ஏதாவது பாக்கலாம்னு இருக்கேன்." சொல்லிவிட்டுக் கைகளைப் பையின் வாருக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அண்ணி கண்ணாடியைத் துடைத்து, எல்லாவற்றையும் மறுபடி எடுத்துக் கொடுத்தாள். காசை நீட்டியபோது சுத்தம் குறுக்கே எழுந்து, "வேண்டாம்மா, வேண்டாம்" என்றார். மாணவி போன பிறகு அண்ணி மெஷினை அணைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"நம்ம பையன் வந்து காப்பி எடுத்தாலே காசு கேக்கற மனுஷன் நீங்க. சொல்லுங்க, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

சொன்னார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஆரம்பித்து வடிகட்டி வரை சொன்னார். அண்ணி மெஷின் மூடியைப் பட்டென்று சாத்தினாள். அது நல்ல அறிகுறி அல்ல.

"எங்கண்ணன் வீட்டுத் தொட்டியக் கழுவறதுக்கு அந்தப் பொண்ணு படிப்பா கெடைச்சுது உங்களுக்கு?"

"வடிகட்டித்தான் ஊத்தினேன்."

"ஆமா, பெரிய வடிகட்டி! அவ தன் கைய நறுக்கிப் போடாத குறையா நிக்கறா. குத்தம் உங்க கையில. நாளைக்குப் போய்ச் சொல்லுங்க. சொல்லாம வந்தீங்க, அந்த பாட்டிலும் நீங்களும் வாசலோட சரி."

"வேலை போயிடுமே."

"போனா போகட்டும். ஸ்டூல் இருக்கு, உக்காந்து காப்பி எடுங்க. கண்ணாடியாவது சுத்தமா இருக்கும்."

மறுநாள் குழு கூடிய அறையின் கதவுக் கைப்பிடியைச் சுத்தம் வெளியே நின்று துடைத்துக்கொண்டிருந்தார். பித்தளை பளபளத்தது. உள்ளே பேராசிரியரும் வெளியிலிருந்து வந்த நிபுணர்களும் பேசுவது கேட்டது. "இந்தத் தரவை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்ற குரலும், அதற்கு மாணவி, "சரி சார்" என்றதும் கேட்டது. அந்தச் சரியைக் கேட்ட மாத்திரத்தில் கைப்பிடி தானாகத் திரும்பியது. சுத்தம் தெளிப்பு பாட்டிலோடு உள்ளே நின்றார். முன்பு அவர் அறைக்கு வந்துபோன பழக்கதோஷத்தில் இரண்டு நிபுணர்கள் கைகளை நீட்டினார்கள்.

"சார், அந்தப் பொண்ணு கை சுத்தம். என் கைதான் சார்" என்றார். அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. வராத வார இறுதி, மஞ்சள், கடன் வாங்கிய மீடியம் எல்லாம் வந்தன. தொட்டியும் வந்தது. நிபுணர் ஒருவர், "எத்தனை லிட்டர் தொட்டி?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பேராசிரியரின் முகம் சிவந்தது. பிறகு சிவப்பு பாதியில் நின்றது. ஏதோ யோசனை குறுக்கே போயிருக்க வேண்டும்.

"கதிர் படாத ரெண்டு குடுவையிலயும் ஊத்தினியா? என்சைம் இல்லாததுலயும்?"

"ஆமா சார். ஓரவஞ்சனை பண்ணல."

"அது உடையலியே!" பேராசிரியர் எழுந்தே விட்டார். "சாதாரணச் செல்லு மீடியம் பட்டே உடைஞ்சிருக்கு. என்சைம் இல்லாதது அதே மீடியத்தைக் குடிச்சும் அசையல. அப்போ சேதி வெளியிலேருந்து வந்தாக்கூட அதை வாங்கி எழுதிக்க அந்த என்சைம் வேணும்! இதைச் செஞ்சு பாக்கச் சொல்லணும்னு நானே நினைச்சுக்கிட்டிருந்தேன்."

அவர் அப்படி நினைத்துக்கொண்டிருந்ததற்கு அதுவரை சாட்சி எதுவும் இல்லை. ஆனால் நிபுணர்கள் மூவரும் உடனே தாங்களும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்ததாகத் தலையாட்டினார்கள். அறையில் ஒரே நினைப்பு மயம்.

மாணவி மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். "சார், ஒருத்தர் பயந்துபோய் ஊத்தினது பரிசோதனை ஆகாது. எவ்வளவு ஊத்தினார், எதுல ஊத்தினார், எதுவும் நிச்சயமில்ல. முதல்லேருந்து திரும்பச் செய்யணும். நானே செய்யறேன்" என்றாள். பிறகு சுத்தத்தின் பக்கம் திரும்பினாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்டாள்.

"அன்னிக்குக் காலையிலயே ஏன் சொல்லல?"

கேள்வியின் கடைசியில் அண்ணா என்ற சொல் இல்லை என்பதை மட்டும் சுத்தத்தின் காது குறித்துக்கொண்டது.

வேலை போகவில்லை. கண்டிக்க வேண்டிய பேராசிரியர் தோளில் தட்டிக் கொடுத்தார். கதிர்க்காரர், "என் மெஷின் மேல பழி விழ விட்டுட்டு என் டிபன் பாக்ஸ்லயே கை வச்சியேடா" என்று கத்திவிட்டு, அபராதமாக ஒரு மாதம் சுத்தத்தின் மதியச் சாப்பாட்டைத் தானே சாப்பிட்டார். தினம் சுத்தமே மூடியைத் திறந்து அவர் பக்கம் தள்ளி வைத்தார். பட்டினி கிடந்தது இதமாகத்தான் இருந்தது. ஆனால் போதவில்லை.

மாணவி மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை அவளே மீடியம் தயாரித்தாள், அவளே ஊற்றினாள், ஞாயிறும் அவளே வந்தாள். அவள் குடுவைகள் இருந்த தட்டைச் சுத்தம் தொடுவதில்லை. வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய நாள்களெல்லாம் அவளுக்கு அந்த அறையில் கழிந்தன. முடிவு அதேதான் வந்தது. சாதாரணச் செல்கள் கடன் வாங்கிய மீடியத்தில் கெட்டன. என்சைம் இல்லாதவை கெடவில்லை. கட்டுரை அச்சானபோது கடைசிப் பத்தியில், மீடியம் மாற்றும் யோசனைக்குத் தூண்டுதலாக இருந்ததற்காகச் சுத்தத்துக்குப் பேராசிரியர் நன்றி தெரிவித்திருந்தார். பெற்றோர் வைத்த பெயரிலேயே. அண்ணி அதைப் பெரிதாக்கி நகல் எடுத்துச் சுவரில் ஒட்டலாமா என்று கேட்டாள். கேட்டபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. சுத்தம் வேண்டாம் என்றார்.

மாணவி கைகளை நீட்டுவது மட்டும் நிற்கவில்லை. காலையில் வருவாள், நீட்டுவாள், "தேங்க்ஸ் சார்" என்பாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. முன்னைவிட அதிகம் என்றே சொல்லலாம். ஒருநாள் தாழ்வாரத்தில் பின்னாலிருந்து, "அண்ணா!" என்று அவள் குரல் கேட்டது. சுத்தம் சட்டென்று திரும்பினார். "வந்துட்டேம்மா" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார் கதிர்க்காரர், பேட்ஜ் குலுங்க. சுத்தம் அப்படியே குனிந்து, தரையில் இல்லாத ஒரு கறையைத் துடைத்தார்.

பட்டத்துக்கு எழுதி முடித்த ஆய்வேட்டை நகலெடுக்க அவள் கடைக்கு வந்த அன்று சுத்தம் ஸ்டூலில்தான் இருந்தார்.

"அண்ணி, இன்னொரு செட் வேணும். சார், அந்தப் பேப்பர் கட்டைக் கொஞ்சம் நகத்தறீங்களா?"

சுத்தம் நகர்த்தினார். அண்ணி மெஷின் மூடியைத் திறந்தபடியே கேட்டாள், "எனக்கு ஒரு சந்தேகம்மா. இவரு சாருன்னா, நான் எப்படி அண்ணி?"

மாணவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். அவருக்கும் கேட்கட்டும் என்றோ, அவர் அங்கே இருப்பதை மறந்தோ, மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கே தெரியல அண்ணி. அந்தச் சொல்லு வாய் வரைக்கும் வருது, நின்னுடுது. நாளானா சரியாகுமோ என்னமோ. சில குறி சில தலைமுறையில தானா அழிஞ்சும் போகும், அதையும் படிச்சிருக்கேன்."

"எத்தனை தலைமுறையாம்?"

"அதான் அண்ணி, அதை யாரும் இன்னும் எண்ணிப் பாக்கல."

அண்ணி முதல் பக்கத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூலையில் புள்ளி எதுவும் இல்லை. ஆனாலும் சுத்தம் எழுந்து வந்து, பாட்டிலை எடுத்து, மெஷின் கண்ணாடியில் ஸ்பிரிட் அடித்து, யாரும் கேட்காமலே துடைக்கத் தொடங்கினார். மாணவி தடுக்கவில்லை. அவர் துடைத்து முடிக்கும்வரை இரண்டாம் பக்கத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.